நம்மளுதுதான், அழுத்து

கல்லூரியில் என்னோடு படித்தவள் கல்யாணமாகிக் காமயகவுண்டன்பட்டிக்குப் போனாள். அவள் வீட்டுக்காரர் திராட்சைத் தோட்டம் பார்க்கிறவர். இவள் சும்மா இருக்க முடியாமல் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை போட்டாள். ஜெராக்ஸ் என்பது போர்டில் மட்டும்தான். காலேஜ் அட்மிஷன், வேலைக்கு விண்ணப்பம், உதவித்தொகை, பட்டா, சான்றிதழ் என்று ஊர்க்காரர்கள் ஆன்லைனில் போடவேண்டியதையெல்லாம் அவள்தான் போட்டுக் கொடுத்தாள்.

நான் அல்லிநகரத்தில் வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். வலைப்பக்கங்கள் செய்கிற வேலை. அதனால் கம்ப்யூட்டரில் எது ஓடவில்லை என்றாலும் அவள் எனக்குத்தான் போன் போடுவாள். ஒரு தடவை கிட்டத்தட்ட அழுதுவிட்டாள். போட்டோ ஐம்பது கேபிக்குள் இருக்கவேண்டும், கையெழுத்து இருபது கேபிக்குள் இருக்கவேண்டும் என்று கேட்கிறான். அதைச் சுருக்கிக் கொண்டுவருவதற்குள் பக்கம் காலாவதியாகி வெளியே தள்ளிவிடுகிறது. மறுபடி அப்பா பேரிலிருந்து ஆரம்பிக்கவேண்டியிருக்கிறது என்றாள். எதிரே ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறார்களாம்.

அவளுக்காக ஒரு எக்ஸ்டென்ஷன் எழுதினேன். பிரவுசரோடு ஒட்டவைத்துக்கொள்கிற சின்ன புரோகிராம். போட்டோவைக் கேட்ட அளவுக்குச் சுருக்கும். பக்கம் போய்விட்டாலும் நிரப்பியதை எடுத்துத் திரும்ப வைக்கும். விண்ணப்பப் பக்கங்களின் முகவரிகளைப் பட்டியல் போட்டு, அங்கே மட்டும் வேலை செய்கிற மாதிரி எழுதியிருந்தேன். நிரப்பியது எதுவும் அவள் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாது. அதைப் பிரவுசர் கடையில், எக்ஸ்டென்ஷன்களை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்கிற வலைப்பக்கத்தில், ஏற்றிவைத்தேன். அங்கே ஏற்றினால்தான் அவளுக்கு இறக்கிக்கொள்வது சுலபம். கொஞ்ச நாளில் எங்கெங்கோ இருக்கிற ஜெராக்ஸ் கடைக்காரர்கள் அதை எடுத்துப் பயன்படுத்த ஆரம்பித்திருந்தார்கள். முகம் தெரியாதவர்களிடமிருந்து நன்றி சொல்லி மெயில் வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க ஒன்றுமில்லை.

பிறகு பிரவுசர்க்காரர்கள் எக்ஸ்டென்ஷன்களுக்கான விதிகளை மாற்றினார்கள். பழைய முறையில் எழுதியவை இனி ஓடாது, புது முறைக்கு மாற்றி எழுதுங்கள் என்று அறிவிப்பு வந்தது. அப்போது எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து ஏழு மாதம். ஆபீஸ் வேலையையே பாதித் தூக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். தள்ளிக்கொண்டே போனேன். எக்ஸ்டென்ஷனுக்குப் பக்கத்தில் ‘விரைவில் இயங்காது’ என்று எச்சரிக்கை தெரிய ஆரம்பித்ததும் அவள் போன் போட்டாள்.

“ஏண்டி, இது நின்னு போயிருமா? அட்மிஷன் நேரம்டி. இது இல்லேன்னா நான் கடையப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்.”

“பாக்குறேன்டி” என்றேன்.

அந்த வாரத்தில்தான் ஒரு மெயில் வந்தது. உங்கள் எக்ஸ்டென்ஷனை நானும் பயன்படுத்துகிறேன், உங்களுக்கு நேரமில்லை என்றால் நானே புது முறைக்கு மாற்றி எழுதித் தொடர்ந்து பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். மரியாதையான ஆங்கிலம். என் கோடில் இரண்டு இடத்தில் இருந்த தப்பைக்கூடச் சரியாகச் சுட்டிக் காட்டியிருந்தார். தப்பைச் சரியாகப் பிடிக்கிறவர் நல்லவராகத்தான் இருப்பார் என்று எப்படி நினைத்தேனோ தெரியவில்லை. நாலைந்து மெயில் போய் வந்தது. ஒரு மத்தியானம் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தபோது, உரிமையை மாற்றிக் கொடுக்கிற படிவத்தை நிரப்பி அனுப்பினேன். அதோடு பாரம் இறங்கியது.

புது வெர்ஷன் வந்தது. என்னுடையதைவிட வேகமாக இருந்தது. போட்டோவைப் போட்ட நொடியில் சுருக்கியது. “இப்பப் பறக்குதுடி” என்றாள் அவள். வேறு ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்லவேண்டிய விஷயமாக அது அப்போது தோன்றவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை. ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். போன் அடித்தது.

“இங்கன என்னமோ கேக்குதுடி. நம்ம எக்ஸ்டென்ஷன் அப்டேட் ஆயிருக்காம். புதுசா அனுமதி கேக்குது. இங்கிலீசுல நீளமா இருக்கு. வாசிக்கவா?”

“வேணாம். நம்மளுதுதான், அழுத்து.”

அழுத்தினாள். நான் மீட்டிங்குக்குத் திரும்பினேன். என் கம்ப்யூட்டரிலும் அதே கேள்வி அன்று வந்திருக்கும். நானும் அழுத்தியிருப்பேன். அழுத்திய ஞாபகம்கூட இல்லை.

மூன்று மாதம் போயிற்று. ஒரு துணிக்கடையின் வலைப்பக்கம் மெதுவாகத் திறக்கிறது, வேகமாக்கிக் கொடு என்று ஆபீசில் வேலை கொடுத்தார்கள். பிரவுசர் அப்போதுதான் அப்டேட் ஆகியிருந்தது. பக்கம் திறக்கிற நேரத்தை அளந்து காட்டுகிற கருவியைப் புதுப்பித்திருந்தார்கள். பக்கத்தின் சொந்த வேலைக்கு எவ்வளவு நேரம், விளம்பரம் மாதிரி வெளியார் சேர்த்தவற்றுக்கு எவ்வளவு, எந்த எக்ஸ்டென்ஷனுக்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்டியது. எங்கள் வேலைக்கு ரொம்பத் தேவையான வசதி. ஆசையாகத்தான் ஓட்டிப் பார்த்தேன். பட்டியலில் மூன்றாவதாக என் எக்ஸ்டென்ஷன் பெயர் இருந்தது.

துணிக்கடைப் பக்கத்தில் அதற்கு என்ன வேலை?

பிரவுசரில் ஒரு பக்கத்திலிருந்து என்ன போகிறது, அதற்குள் என்ன வருகிறது என்று பார்க்க ஒரு ஜன்னல் உண்டு. அதைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு விண்ணப்பப் பக்கத்துக்குப் போனேன். இல்லாத ஒரு பெண்ணின் பெயரை அடித்தேன். இல்லாத ஒரு போன் நம்பர், பிறந்த தேதி. கடைசிக் கட்டத்தை விட்டு வெளியே வந்ததும் அந்த ஜன்னலில் ஒரு வரி கூடுதலாக வந்து விழுந்தது. நான் கேள்விப்பட்டே இராத ஒரு முகவரி. அதைப் பிரித்துப் பார்த்தேன். நான் அடித்த பொய்ப் பெயர் எழுத்துக்கு எழுத்து அதில் இருந்தது.

திரும்பவும் செய்து பார்த்தேன். வேறு பெயர். அதுவும் போனது. எக்ஸ்டென்ஷனை எடுத்துவிட்டுச் செய்தேன். போகவில்லை. அன்று நீளமாக இருக்கிறது வாசிக்கவா என்று அவள் கேட்டதில் என்ன இருந்திருக்கும் என்பது இப்போது தெரிந்தது. எல்லா வலைப்பக்கங்களிலும் உள்ளதைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி.

உடனே அவளுக்குப் போன் போட்டேன். இனி நான் சொல்லப்போவதை எழுதத்தான் கூச்சமாக இருக்கிறது. உண்மையைச் சொல்லத்தான் போனை எடுத்தேன். அவள் குரலைக் கேட்டதும் வேறு வார்த்தை வந்தது.

“அந்த எக்ஸ்டென்ஷன் பழசாயிருச்சுடி. எடுத்துரு. புதுசா எழுதித் தர்றேன்.”

“நல்லாத்தானடி ஓடுது?”

“இல்ல, எடுத்துரு. இப்பவே எடு. நான் சொல்றேன்ல.”

எப்படி எடுப்பது என்று சொன்னேன். இரண்டு நிமிடத்தில் எடுத்துவிட்டாள். எல்லா பாஸ்வேர்டையும் மாற்று என்றும் சொன்னேன். “எதுக்கு?” என்றாள். “அப்பப்ப மாத்துறது நல்லது” என்றேன். பிரவுசர் கடைக்குப் புகார் எழுதினேன். அந்த ஆளுக்கும் எழுதினேன். பதில் இல்லை. நான்கு நாள், எல்லாம் முடிந்துவிட்டது என்று எனக்கே சொல்லிக்கொண்டு, சாம்பாரில் உப்பு இரண்டு தடவை போட்டுக்கொண்டு இருந்தேன். வீட்டுக்காரர் என்ன என்று கேட்டார். தலைவலி என்றேன்.

ஐந்தாம் நாள் அவள் கூப்பிட்டாள்.

“ஒரு அக்கா, தோட்டத்து வேலைக்குப் போறவுக. மகளுக்கு நர்சிங் அட்மிஷன் நான்தான் போட்டேன். அவுகளுக்குக் காலேஜ்ல இருந்து பேசுறோம்னு போன் வந்திருக்கு. பொண்ணு பேரு, மார்க்கு, அப்ளிகேசன் நம்பரு எல்லாம் சரியாச் சொல்லியிருக்கான். போனுக்கு ஒரு நம்பர் வரும், அதச் சொல்லுங்கன்னிருக்கான். அவுகளுக்கு வாசிக்கத் தெரியாது. போன எடுத்துக்கிட்டு நேரா எங்கிட்ட வந்துட்டாக. நான் பாத்துட்டு, சொல்லாதீகன்னு கட் பண்ணிட்டேன். ஏண்டி, அப்ளிகேசன் நம்பரு எனக்கும் அவுகளுக்கும்தான் தெரியும். அவனுக்கு எப்படிடி தெரிஞ்சுச்சு?”

அது என் எக்ஸ்டென்ஷன் வழியாகத்தான் போனது என்று இன்றுவரை என்னால் நிரூபிக்க முடியாது. வேறு வழியிலும் போயிருக்கலாம். ஆனால் அந்த நிமிடம் எனக்குச் சந்தேகமே இல்லை.

“நான் நேர்ல வர்றேன்” என்றேன்.

குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுக் கம்பம் பஸ் ஏறினேன். சின்னமனூர், உத்தமபாளையம் எல்லாம் ஜன்னலில் போயின. என்ன சொல்வது என்று வாக்கியம் வாக்கியமாக மனதுக்குள் அடித்துத் திருத்திக்கொண்டே வந்தேன். கம்பத்தில் இறங்கி டவுன் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். கடையில் ஆள் இல்லை. அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.

“வாடி, சாப்பிடு மொத” என்றாள்.

நின்றுகொண்டே சொன்னேன். மெயில் வந்தது, கொடுத்தது, அனுமதி கேட்டது, துணிக்கடைப் பக்கம், போன வாரம் பொய் சொன்னது. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் டப்பாவை மூடினாள்.

“எவ்வளவு வாங்குன?”

“ஒண்ணும் வாங்கல.”

“சும்மாவா குடுத்த?”

“ஆமா.”

“யாருன்னே தெரியாதவனுக்கு.”

வாங்கியிருந்தால்கூட அவளுக்கு ஏதோ ஒரு காரணம் புரிந்திருக்கும் என்று தோன்றியது.

“அன்னைக்கு வாசிக்கவான்னு கேட்டேன்” என்றாள். சத்தம் போடவில்லை. “நீ சொன்னேன்னுதான் அழுத்துனேன்.”

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மேஜைக்கு அடியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தாள். யாருக்கு என்ன விண்ணப்பம் போட்டாள், அவர்கள் போன் நம்பர் என்ன என்று அன்றன்றைக்கு எழுதி வைத்திருந்தாள். அனுமதி கேட்ட நாளிலிருந்து எடுத்த நாள்வரை உள்ள பக்கங்களை எண்ணிப் பார்க்காமல் ஒரு பென்சிலை நடுவில் வைத்துப் பிரித்தாள்.

“இவுக எல்லாருக்கும் சொல்லணும்.”

“நான் பேசுறேன்.”

“நீங்க யாருன்னு அவுகளுக்குத் தெரியாது. நான்தான் பேசணும். என்ன சொல்லணும்னு மட்டும் எழுதிக் குடுங்க.”

நீங்க என்றாள். பதினேழு வயதிலிருந்து என்னை ‘டி’ போட்டுக் கூப்பிட்டவள். தெரியாமல் வந்த வார்த்தை என்று நினைத்தேன். சாயங்காலம் வரை அப்படித்தான் பேசினாள். கோபத்தில் இரண்டு அடி அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

எழுதிக் கொடுத்தேன். உங்கள் விவரம் வெளியே போயிருக்கலாம். யார் போன் பண்ணி என்ன நம்பர் கேட்டாலும் சொல்லாதீர்கள். பாஸ்வேர்ட் மாற்றவேண்டும், கடைக்கு வாருங்கள். அவள் ஒவ்வொருவராக அழைத்தாள். நிறையப் பேருக்குப் புரியவில்லை. “அப்ப என் அப்ளிகேசன் செல்லாதா, ஆத்தா?” என்று ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்டார். செல்லும் என்று அவள் நான்கு தடவை சொன்னாள். ஒரு வாத்தியார் மட்டும் நன்றாகப் புரிந்துகொண்டார். அவர் திட்டியது ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது. தப்பு என்னுடையது என்று நானே சொல்கிறேன், போனைக் கொடு என்று கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. “ஆமாங்க சார், எங்க கடையில நடந்ததுதான்” என்று முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

போன் எடுக்காதவர்களை மறுநாள் வீடு தேடிப் போய்ச் சொன்னாளாம். அவள் வீட்டுக்காரர் வண்டியில் கூட்டிப் போயிருக்கிறார். நான் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள்.

நான் தேனியில் போலீசுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். எழுதி வாங்கியவர் பொறுமையாகக் கேட்டார். “யார் மேல புகார்?” என்றார். அந்த மெயில் முகவரியைக் காட்டினேன். “இவரு உங்ககிட்ட இருந்து எடுத்துக்கிட்டாரா, நீங்க குடுத்தீகளா?” என்றார். கொடுத்தேன் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். ரசீது கொடுத்தார். இதுவரை அதில் வேறொன்றும் நடக்கவில்லை.

சில நாள் கழித்துப் பிரவுசர் கடை எக்ஸ்டென்ஷனை நீக்கியது. வைத்திருந்தவர்கள் எல்லாருடைய கம்ப்யூட்டரிலும் தானாகவே நின்றுவிட்டது. மெயில் எழுதி நன்றி சொன்ன நான்கைந்து பேருக்கு என்ன நடந்தது என்று எழுதினேன். ஒருவர் மட்டும் ‘சரி’ என்று பதில் போட்டார். மற்றவர்கள் யார், எந்த ஊர், அவர்கள் எதிரே உட்கார்ந்து அப்பா பேர் சொன்னவர்கள் யார் என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை. அவர்கள் முதலில் அதை எடுத்தபோது அதில் இருந்தது என் பெயர்தான்.

அந்த அக்காவின் மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. இதை என் தோழி ஒரு வரி மெசேஜாக அனுப்பினாள். அதற்கு நான் நீளமாக ஏதோ எழுதினேன். படித்துவிட்டாள் என்று காட்டியது. பதில் வரவில்லை. சுத்தமாக, எதையும் வெளியே அனுப்பாத புது எக்ஸ்டென்ஷன் ஒன்றையும் எழுதி, ஏற்றாமல் என்னிடமே வைத்திருக்கிறேன். வேண்டுமா என்று கேட்க வாய் வரவில்லை.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது கம்பம் பஸ் ஸ்டாண்டில் அவள் வீட்டுக்காரரைப் பார்த்தேன். மருந்துக்கடைப் பையோடு நின்றிருந்தார். ஒதுங்கிப் போய்விடலாமா என்று நினைப்பதற்குள் அவரே வந்தார். பிள்ளைகள் நலம் விசாரித்தார். கடை எப்படி என்று கேட்டேன்.

“நடக்குது. முன்ன மாதிரி கூட்டம் இல்ல. போட்டோவ எல்லாம் கையால சுருக்கிக்கிட்டு இருக்கா. ஒரு அப்ளிகேசனுக்கு முக்கா மணி நேரம் ஆகுது.”

“இன்னும் கோவமா இருக்காளா?”

அவர் மருந்துப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“கோவம்னு சொல்ல முடியாதுங்க. பயப்படுறா. ஸ்கிரீன்ல எது கேட்டாலும் கைய எடுத்துக்கிறா. கம்ப்யூட்டர் அப்டேட் கேட்டாக்கூட என்னையக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்றா. எனக்கு இங்கிலீசு என்ன தெரியும்? ரெண்டு பேரும் எழுத்துக் கூட்டி வாசிச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம்.”

அவர் குரலில் குற்றம் சொல்கிற தொனி இல்லை. அவருடைய பஸ் வந்தது. ஏறும்போது திரும்பி, “ஒரு நாள் வீட்டுப் பக்கம் வாங்க” என்றார்.

சரி என்றேன். இன்னும் போகவில்லை.