ஐந்தாவது ஏன்

கட்டுரை நோட்டுகளை மேசைமேல் அடுக்கி வைத்தாலே எனக்கு எரிச்சல் கிளம்பிவிடும். ஒன்பதாம் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். நாற்பத்திரண்டு நோட்டு. கட்டுரை மட்டும் ஒன்றுதான். 'என் ஊர்' என்று தலைப்புக் கொடுத்தால், 'எங்கள் ஊர் பச்சைப் பசேலென்ற வயல்கள் சூழ்ந்த அழகிய சிற்றூர். அதிகாலையில் குயில் கூவும்' என்று ஆரம்பித்துவிடுவார்கள். எங்கள் பள்ளி இருப்பது கார் கம்பெனிகள் சூழ்ந்த ஒரகடம் பக்கம். இங்கே அதிகாலையில் கூவுவது கம்பெனி பஸ்தான். அதுவும் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டால் வயலையும் குயிலையும் சேர்த்து ஏற்றிவிட்டுப் போகிற வேகத்தில் வரும். ஆனால் நோட்ஸில் குயில் என்று இருக்கிறதே, அதை யார் மாற்றுவது?

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. பயிற்சி வகுப்புக்குப் போய் வந்த சூட்டில் என்னென்னவோ செய்து பார்த்தேன். முதல் வரியை நான் கொடுப்பேன், மீதியை அவர்கள் எழுத வேண்டும். 'கதவைத் திறந்தேன்' என்று கொடுத்தேன். முப்பது பேருக்குக் கதவுக்குப் பின்னால் பேய் நின்றது. மற்றவர்களுக்குப் பாம்பு. சரி போகட்டும் என்று, வீட்டிலிருந்து ஆளுக்கொரு பொருள் கொண்டுவரச் சொன்னேன். பிரமாதமான பொருள்களாகத்தான் கொண்டுவந்தார்கள். கிரீஸ் படிந்த கையுறை, முனை தேய்ந்த சேஃப்டி ஷூ, காதில் செருகுகிற ஆரஞ்சு நிற அடைப்பான். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்குமே என்று ஆசையாக நோட்டைத் திறந்தேன். 'இது ஒரு காது அடைப்பான். இதன் நிறம் ஆரஞ்சு. இது மிகவும் பயனுள்ளது. இதை நாம் பாதுகாக்க வேண்டும்.' தலையில் அடித்துக்கொண்டேன்.

இந்தக் கூட்டத்தில் மூன்றாவது பெஞ்சில் ஜன்னலோரம் ஒருத்தி. பார்த்து எழுதக்கூட மாட்டாள். இரண்டு வரி எழுதிவிட்டு, மீதிப் பக்கத்தைப் புத்தம் புதிதாக என்னிடம் கொடுப்பாள். திட்டினால் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு நிற்பாள். அடுத்த வாரமும் அதே இரண்டு வரிதான்.

ஒரு நாள் நான் செய்யுள் நடத்திக்கொண்டிருக்கும்போது, அவள் பெஞ்சுக்குக் கீழே குனிந்து விறுவிறுவென்று எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். எனக்கு இரண்டு வரிக்குமேல் எழுதாத மகராசி இவ்வளவு வேகமாக எழுதுகிறாள் என்றால் அது லவ் லெட்டராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். பூனை மாதிரி போய்ப் பிடுங்கினேன்.

கட்டம் கட்டி அச்சடித்த தாள். பிரச்சினை, காரணம், முன்பு, பின்பு, பயன் என்று கட்டத்துக்கு ஒரு தலைப்பு. கீழே கம்பெனி முத்திரை.

"என்னடி இது?"

"அப்பாவோடது மிஸ்."

"உங்கப்பாவோடது உன் கையில என்ன பண்ணுது?"

"கைசன் ஷீட்டு மிஸ். கம்பெனில மாசத்துக்கு ஒண்ணு குடுத்தே ஆவணும். லைன்ல எது செரியில்ல, அத்த எப்டி மாத்தலாம்னு எழுதணும். அப்பாக்கு எழுத வராது. முன்னாடி பக்கத்து லைன் அண்ணனப் பாத்து எழுதிக் குடுத்துடுவாரு. 'குப்பைத் தொட்டிய சுத்தமா வெக்கணும்'னு எல்லாருமே அதே தான் குடுப்பாங்களாம். அந்த அண்ணன் வேற கம்பெனிக்குப் பூட்டாரு. அதான் இப்ப நானு."

நான் தாளைப் படித்தேன். அவள் கையெழுத்தில் இருந்தது இது: 'நான் வண்டியில் மாட்டும் இரும்புத் துண்டுகள் நீலப் பெட்டியில் இருக்கின்றன. பெட்டி தரையில் இருக்கிறது. ஒரு வண்டிக்கு நான்கு முறை குனிகிறேன். குனிந்தது அங்கே. வலி வீட்டுக்கு வருகிறது. பெட்டிக்குக் கீழே இன்னொரு காலிப் பெட்டியைக் கவிழ்த்து வைத்தால் குனிய வேண்டாம்.'

குனிந்தது அங்கே, வலி வீட்டுக்கு வருகிறது. இரண்டு தரம் படித்தேன். அடிப்பாவி, இதை வைத்துக்கொண்டா என்னிடம் இரண்டு வரியோடு நின்றாய் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குப் பதிலாக வகுப்பைப் பார்த்து, "வேற யாரெல்லாம் வீட்டுக்கு இதை எழுதித் தர்றீங்க?" என்று கேட்டேன். பதினொரு கை மெதுவாக மேலே வந்தது. எனக்கு நாலு வரி எழுத மூக்கால் அழுகிற கூட்டம், கம்பெனிகளுக்கு மாதா மாதம் எழுதித் தள்ளிக்கொண்டிருக்கிறது.

காரணம் என்ற கட்டத்தில் ஐந்து தடவை 'ஏன்' என்று அச்சாகியிருந்தது. அது எதற்கு என்று கேட்டேன்.

"ஏன்னு அஞ்சு வாட்டி கேக்கணும் மிஸ். மொத நாலும் சும்மாதான். அஞ்சாவதுலதான் மேட்டரு கீது."

தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அன்றைக்குச் செய்யுளை மூடி வைத்தேன். கரும்பலகையில் அந்தக் கட்டங்களைப் போட்டு, "உங்க வீட்டுல, தெருவுல, பள்ளிக்கூடத்துல எது சரியில்லையோ எழுதுங்க. அஞ்சு ஏன் கேட்காம விடமாட்டேன்" என்றேன். பீரியட் முடிந்த மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மணி அடித்ததா என்று எனக்கே சந்தேகம் வந்து வெளியே எட்டிப் பார்த்தேன்.

ஒரு பையன் எழுதியிருந்தான். பிரச்சினை: எங்கள் வீட்டுக் குழம்பில் உப்பு அதிகம். ஏன்? இரண்டு பேர் உப்புப் போட்டார்கள். ஏன்? அம்மா போட்டது அப்பாவுக்குத் தெரியாது. ஏன்? அம்மா போட்டுவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார், அப்பா ஷிப்டு முடிந்து வந்து போட்டார். ஏன் சொல்லவில்லை? இருவரும் பார்த்துக்கொள்வது ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஏன்? ஒரே ஷிப்டு கேட்டால் தரமாட்டார்கள். பின்பு: உப்பு டப்பாமேல் சீட்டு ஒட்டப்படும், உப்புப் போட்டவர் டிக் போட வேண்டும். சிரித்துக்கொண்டே படித்தவள், ஞாயிற்றுக்கிழமை என்ற இடத்தில் கொஞ்சம் நின்றேன்.

அடுத்தது மூன்றாவது பெஞ்சுக்காரியின் தாள். பிரச்சினை: தமிழ் மிஸ் எப்போதும் கோபமாக இருக்கிறார். ஏன்? எல்லாக் கட்டுரையும் ஒரே மாதிரி இருக்கிறது. ஏன்? நோட்ஸைப் பார்த்து எழுதுகிறோம். ஏன்? சொந்தமாக எழுதினால் மார்க் குறைகிறது. ஏன்? முன்னுரை இல்லை என்று மிஸ் இரண்டு மார்க் குறைக்கிறார். ஏன்? மிஸ்ஸிடம் கேட்க வேண்டும்.

ஐந்தாவது பதிலை அப்படியே விட்டிருந்தாள். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. கொழுப்பைப் பார், நான் எழுதச் சொன்ன ஐந்து நிமிடத்தில் என்மேலேயே திருப்புகிறாள் என்று கோபம். பொய்யாக எழுதியிருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன். பொய்யில்லை என்பதால் மேசை டிராயரில் போட்டு மூடினேன். அவள் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து, மதிய இடைவேளையில், அவள் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"இன்னா மிஸ் பண்றது, அப்பாவோட ஷீட்டு செலக்ட் ஆயிடுச்சி."

"அதுக்கு ஏன்டி அழற?"

"சனிக்கெழம மேடையில ஏறி மைக் புடிச்சி அப்பாவே சொல்லணுமாம். பெரிய பெரிய ஆபீசருங்கள்லாம் வராங்க. அப்பா எழுதலன்னு தெரிஞ்சா வேலய வுட்டு தூக்கிடுவாங்கன்னு பயப்படறாரு மிஸ். காண்ட்ராக்ட்டுதான அவரு. சனிக்கெழம லீவு போட்டுட்டு எங்கனா பூடறேன்றாரு. நீங்க பேசறதுக்கு எழுதிக் குடுங்க மிஸ். மனப்பாடம் பண்ணிடுவாரு."

எனக்குப் பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அன்று வீட்டுக்குப் போய் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

வியாழக்கிழமை அவள் அப்பாவுக்கு வார விடுமுறை. பள்ளி விட்டதும் மகளோடு ஆசிரியர் அறைக்கு வந்தார். கம்பெனிச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார், பார்த்தால் தேர்வுக்கு வந்தவர் மாதிரி இருந்தது. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. நான் கொடுத்த தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படித்தார்.

"அவையில் வீற்றி... வீற்றிருக்கும் ஆன்றோர்களே, சான்... டீச்சர், சான்றோர்னா யாரு? எச்.ஆர்.ங்களா?"

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கினேன். 'தொழில் வளம் பெருகிவரும் இன்றைய காலகட்டத்தில்' என்ற இடத்துக்கு வரும்போது அவர் நெற்றியெல்லாம் வேர்வை. நான் முழுசாக ஒரு பக்கத்துக்கு முன்னுரை எழுதி வைத்திருந்தேன். பெட்டி இரண்டாம் பக்கத்தில்தான் வருகிறது.

பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. தாளை அவர் கையிலிருந்து வாங்கி என் மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"அத்த வுடுப்பா. நான் கேக்கறேன், நீ சொல்லு. பெட்டிய ஏன் மேல வெக்கணும்?"

"குனிய முடியல பாப்பா."

"ஏன்?"

"இடுப்பு புடிச்சிக்குது."

"ஏன்?"

"ஒரு வண்டிக்கி நாலு தபா குனியறேன். வண்டி வந்துகினே கீது. நிமிர்றதுக்குள்ள அடுத்தது வந்துடும்."

"பெட்டி ஏன் தரையில கீது?"

"நான் சேர்ந்த அன்னிக்கே அங்க இருந்துச்சி. அப்டியே கீது."

தடங்கலே இல்லை. கையால் பெட்டியின் உயரத்தைக் காட்டினார், குனிந்து எடுத்துக் காட்டினார், நிமிர்ந்து மாட்டிக் காட்டினார். ஆசிரியர் அறையே அசெம்பிளி லைன் ஆகிவிட்டது.

"அப்ப ஏம்ப்பா இத்தினி வருசமா சொல்லல?" என்று அவள் ஐந்தாவதைக் கேட்டாள்.

அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துப் பார்த்தார், திரும்ப வைத்தார். "அத்த வுடு பாப்பா, நேரமாவுது" என்றார். என் இரண்டு பக்கத்தை மரியாதைக்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

சனிக்கிழமை எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அந்த மனிதர் மேடையில் 'ஆன்றோர்களே' என்று ஆரம்பித்துத் திக்கி நிற்பதாகவும், அதற்கு நான்தான் காரணம் என்றும் மனத்துக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் வேலை போனால் அந்தப் பெண் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று பயந்தேன்.

திங்கட்கிழமை அவள் சாப்பாட்டுக்குப் பெரிய சிவப்பு ஹாட்பாக்ஸ் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஐந்து பேர் சாப்பாடு கொள்ளும். உள்ளே இரண்டு இட்லி. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

"பர்ஸ்ட் பிரைஸு மிஸ்" என்றாள். பிறகு அப்பா சொன்னதை அவர் குரலிலும் ஆபீசர் குரலிலும் மாறி மாறி நடித்துக் காட்டினாள்.

அவர் தாளைப் பையிலிருந்து எடுக்கவே இல்லையாம். மேடையிலேயே குனிந்து நிமிர்ந்து காட்டியிருக்கிறார். கைதட்டியிருக்கிறார்கள். அப்புறம் ஒரு ஆபீசர் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "கையெழுத்து அழகா இருக்கே. நீங்களே எழுதினதா?" என்று கேட்டிருக்கிறார். எதற்குப் பயந்து ஓடிப்போகப் பார்த்தாரோ அதே கேள்வி.

"இல்ல சார். சொன்னது நானு. எழுதுனது எம்பொண்ணு. ஒம்போதாவது படிக்குது" என்றாராம் இவர்.

வேலையை விட்டுத் தூக்குவதைப் பற்றி ஆபீசர் பேசவே இல்லை. "இந்த லைன்ல எத்தனை வருஷமா இருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார். ஆறு வருசம் என்றதும், "ஆறு வருஷமா மாசாமாசம் ஷீட் குடுத்திருக்கீங்க. ஏன் இதைச் சொல்லல?" என்று கேட்டிருக்கிறார்.

இதைச் சொல்லும்போது அவள் நடிப்பை நிறுத்திவிட்டாள்.

"'ஷீட்டு எங்கன்னு கேப்பாங்க சார். ஒனக்கு எங்க வலிக்குதுன்னு யாரும் கேக்கல. எம்பொண்ணுதான் மொதல்ல கேட்டுச்சு'ன்னாராம் மிஸ்."

"சரி போய் உட்காரு, இட்லி ஆறிடப் போகுது" என்று விரட்டினேன். ஹாட்பாக்ஸில் ஆறாது மிஸ் என்று எவனோ பின்னாலிருந்து சொன்னான். இப்போது அந்த லைன் முழுக்கப் பெட்டிகள் இடுப்பு உயரத்தில் இருக்கின்றனவாம், அவர் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்று சாயங்காலம் டிராயரைத் திறந்து அந்தத் தாளை எடுத்தேன். 'மிஸ்ஸிடம் கேட்க வேண்டும்' என்பதற்குக் கீழே எழுதினேன்: 'தெரியவில்லை. நான் படிக்கும்போது எனக்கும் இரண்டு மார்க் குறைத்தார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. நான் குறைத்தபோது என்னையும் யாரும் கேட்கவில்லை.' மறுநாள் காலையில் அவளைக் கூப்பிட்டுக் கொடுத்தேன்.

நின்றபடியே படித்தாள். மறுபடி ஒரு தரம் படித்தாள். தாளை என் பக்கம் திருப்பி, 'பின்பு' என்று இருந்த கட்டத்தில் விரலை வைத்தாள்.

"இது காலியா கீது மிஸ். ரொப்பலன்னா ரிஜக்ட் ஆயிடும்."

நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். அவள் தலையை ஆட்டிவிட்டுத் தன் நீலப் பேனாவை நீட்டினாள். வாங்கி, 'இனிமேல் மார்க் குறைக்க மாட்டேன்' என்று எழுதிக் கொடுத்தேன்.

வாங்கிப் பார்த்துவிட்டு, "தேதி போடலியே மிஸ்" என்றாள்.