ஈசானியத்தில் ஒரு சட்டி, எதிரில் ஒரு சட்டி

எங்கள் பக்கம் கான்கிரீட் போடும் நாளில் ஈசானிய மூலையில் பூசை போட்டு, முதல் சட்டிக் கலவையை அங்கேதான் கொட்டுவோம். பிறகு அங்கிருந்தே வரிசையாகப் போட்டுக்கொண்டு போவோம். வீட்டுத் தளத்துக்கு அது சரி. நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கோயிலுக்கு நுழைவு வளைவு கட்டியபோதும் நான் அப்படியே செய்தேன். பாரம் ஒரே பக்கம் ஏறியதில், கலவையைத் தாங்கி நின்ற சென்ட்ரிங் பலகைகள் மறுபக்கம் சாய்ந்து, வளைவு கோணிப்போனது. ஏன் என்று அப்போது புரியாமலே என் கையாலேயே இடித்தேன். இருபது வருட மேஸ்திரி நான். வெட்கத்தில் டீக்கடைப் பக்கமே தலைகாட்டவில்லை. மறுபடியும் என்னையே கட்டச் சொன்னது ஊரின் பெரிய மனது. முடியாது என்று சொல்லிவிடத்தான் நினைத்திருந்தேன்.

அந்த வாரம் ஒரு கல்யாணத்துக்காக நகரத்துக்குப் போனோம். அங்கே ஆற்றின் மேல் இருக்கும் பழைய கான்கிரீட் வளைவுப் பாலத்தைப் பார்க்க என் மனைவி என்னை இழுத்துப்போனாள். என்னோடு சித்தாளாக வேலை செய்பவள் அவள்.

"யானைக்கும் அடி சறுக்கும்னு ஊரே சொல்லுது. யானை எந்திரிக்க வேணாமுங்களா?" என்றாள்.

ஆறு வறண்டிருந்தது. பாலத்துக்கு அடியில் இறங்கி நின்றோம். மேலே பஸ்ஸும் லாரியும் போய்க்கொண்டிருந்தன, பாலம் அசையவில்லை. அந்தக் காலத்துப் பலகையின் ரேகை, மரத்தின் கணு வரைக்கும் கான்கிரீட்டில் பதிந்திருந்தது. எத்தனை பொறுமையான கைகள். பொறாமையாக இருந்தது, கும்பிடவும் தோன்றியது.

"என்னங்க, அந்தப் பக்கம் எத்தன கோடு இருக்குதோ இந்தப் பக்கமும் அத்தனயே இருக்குது பாருங்க."

ஒரு நாள் வேலையை நிறுத்தி, மறுநாள் தொடங்கிய இடத்தில் விழும் கோடுகள் அவை. எண்ணிப் பார்த்தேன். இரண்டு கரையிலிருந்தும் சமமாகப் போட்டுக்கொண்டே வந்து உச்சியில் சேர்த்திருக்கிறார்கள். என் தப்பு எதுவென்று அங்கேதான் விளங்கியது. ஊருக்கு வந்ததும் வேலையை ஒப்புக்கொண்டேன்.

"பூசை ஈசானியத்துலயே இருக்கட்டுங்க சாமி. கொட்டறது மட்டும் ரெண்டு பக்கமும் ஒண்ணாக் கொட்டிக்கிறோம்" என்றேன். பூசாரி முணுமுணுத்துவிட்டுக் கற்பூரம் ஏற்றினார். ஈசானியத் தூணில் நான், எதிர்த் தூணில் அவள். இரண்டு சட்டியும் ஒரே நேரத்தில் கவிழ்ந்தன.

சில வாரம் கழித்து சென்ட்ரிங் பிரித்தோம். ஊரே நின்று பார்த்தது. கடைசிப் பலகையும் கழன்று வந்த பிறகு, அடியில் போய் நிற்க எனக்குக் கால் வரவில்லை. அவள் போய் நின்றாள். அண்ணாந்து ஒருமுறை பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க நெழலா இருக்குது, வாங்க."