எழுத்தைப் பெரிதாக்கும் வசதி

என் அக்காவுக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்த பிறகு அவளுக்காக நான் முனைந்து செய்த ஒரே காரியம், ஒரு பழைய கணினி விளையாட்டில் எழுத்தைப் பெரிதாக்கித் தரும்படி முன்பின் தெரியாத சிலரிடம் கெஞ்சியதுதான். அது நடந்தது. எழுத்து பெரிதாயிற்று. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அக்கா நாசரேத்தில் ஒரு பள்ளியில் ஆங்கில டீச்சராக இருந்தாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில், வந்து இறங்கும் கன்டெய்னர்களுக்குக் கஸ்டம்ஸ் தாள்கள் தயார் செய்பவன். நாங்கள் சாகுபுரம் ஃபாக்டரி குவார்ட்டர்சில் வளர்ந்தவர்கள். அப்பா வாங்கி வந்த பழைய கம்ப்யூட்டரோடு அந்த விளையாட்டின் சிடியும் வந்தது.

கடல் விளையாட்டு. நமக்கு ஒரு கப்பல், சுற்றிலும் தீவுகள். ஒவ்வொரு தீவிலும் இறங்கி ஆட்களோடு பேச வேண்டும். பேச்செல்லாம் எழுத்தில்தான் வரும். கப்பலை ஓட்டுவது நான், வாசிப்பது அக்கா. சுங்க அதிகாரிக்கு ஒரு குரல், விதவைக்கு ஒரு குரல், படகுக்காரனுக்கு அப்பாவின் நண்பர் ஒருவரின் குரல் என்று மாற்றி மாற்றி வாசிப்பாள். எனக்குப் பாதி ஆங்கிலம் அப்படித்தான் வந்தது.

அந்த விளையாட்டைச் செய்த கம்பெனி எப்போதோ மூடப்பட்டது. புதிய கணினிகளில் சிடி ஓடாது. ஆனால் அதன் மேல் பிரியம் விடாத சிலர், வேறு வேறு நாட்டுக்காரர்கள், சம்பளம் ஏதுமில்லாமல் அதன் எஞ்சினை முதலிலிருந்து எழுதி வைத்திருந்தார்கள். படமும் கதையும் பழையவை. அவற்றை ஓட வைக்கும் பகுதி மட்டும் அவர்களுடையது. வருடத்துக்கு ஒருமுறையோ இரண்டு வருடத்துக்கு ஒருமுறையோ திருத்திய பதிப்பை வெளியிடுவார்கள்.

அக்காவுக்கு முதலில் இருட்டில்தான் தடுமாற்றம். மாலைக்கண் என்று நினைத்தோம். திருநெல்வேலி கண் ஆஸ்பத்திரியில் டாக்டர், விழித்திரை ஓரத்திலிருந்து கெட்டுக்கொண்டே வருகிறது, பரம்பரையாக வருவது என்றார். எங்கள் அப்பாவும் அம்மாவும் அத்தை மகனும் மாமன் மகளும். என்னையும் சோதித்தார்கள். எனக்கு ஒன்றுமில்லை என்றதும் நெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு வெளியே வந்தது. அக்கா பக்கத்தில்தான் இருந்தாள். அதைக் கேட்டிருப்பாள்.

“மருந்து ஏதும் இருக்கா டாக்டர்?” என்று அவளே கேட்டாள்.

“இப்போதைக்கு இல்லைம்மா.”

ஒரு நாள் வகுப்பில் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தவள், தரையில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்த பிள்ளையின் மேல் விழுந்துவிட்டாள். அந்தப் பிள்ளைக்கு மணிக்கட்டு முறிந்தது. யாரும் அக்காவைப் போகச் சொல்லவில்லை. அவளேதான் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு பெட்டிகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

நானும் என் மனைவியும் வேலைக்குப் போன பிறகு பகல் முழுவதும் அவள் தனியாக இருக்க வேண்டும். அதனால் அந்த விளையாட்டை மறுபடி என் லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்தேன். ஒரு சனிக்கிழமை சாப்பாட்டுக்கு வந்தபோது பார்த்தேன்: சுவரில் ஊரும் எறும்பைப் பின்தொடர்வதுபோல, ஒவ்வொரு வரிக்கும் தலையை மெல்ல நகர்த்தி நகர்த்தி வாசித்துக்கொண்டிருந்தாள். எழுத்து ரொம்பப் பொடி, அதுதான் சிரமம் என்று நானே முடிவு கட்டினேன். அவளிடம் கேட்கவில்லை.

அந்த எஞ்சின்காரர்களின் இணைய ஃபோரத்தில் எழுதினேன். என் ஆங்கிலம் கஸ்டம்ஸ் தாளுக்குப் போதும்; அக்காவைப் பற்றி எழுதப் போதவில்லை. ஒரு மதிய இடைவேளை முழுவதும் ஆயிற்று. பழைய விளையாட்டு பழையபடியே இருக்க வேண்டும் என்று சிலர் மறுத்தார்கள். ஒருவர் மட்டும், ஆணா பெண்ணா என்று இன்றுவரை தெரியாது, ‘செய்து பார்க்கிறேன், ஆனால் நாளாகும்’ என்று பதில் போட்டார்.

இரண்டு வருடம் ஆயிற்று. அந்த விளையாட்டில் எழுத்துகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக வரைந்த படம். பெரிதாக்கினால் உடைந்து கட்டம் கட்டமாகத் தெரியும். பேச்சு வரும் பெட்டியை விட்டு வெளியே வழியும். ஒவ்வோர் எழுத்தையும் மறுபடி வரைந்து, பெட்டிகளையெல்லாம் மாற்றி அமைத்தார். அரைகுறைப் பதிப்புகளை எனக்கு அனுப்புவார். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்து எங்கே வழிகிறது என்று படம் பிடித்து அனுப்புவேன்.

“இன்னும் கொஞ்ச நாள்தான்க்கா” என்று வீட்டில் வந்து சொல்வேன்.

“மெதுவா செய்யட்டும்லே. என்ன அவசரம்?” என்பாள்.

புதிய பதிப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோயிலுக்குப் போய் வந்து சாப்பிட்டு முடித்ததும் அக்காவை உட்கார வைத்து, மாற்றங்களின் பட்டியலைச் சத்தமாக வாசித்தேன். அகலத் திரையில் படம் இழுபடாது. பாறை முனையில் கப்பல் சிக்கி நிற்காது. பாதியில் சேமித்து வைத்த ஆட்டம் கெட்டுப்போகாது. புயலில் காற்றின் சத்தம் நடுவில் அறுந்துபோகாது. பேச்சுகளில் இருந்த பிழைகள் சில திருத்தப்பட்டுள்ளன. கடைசியில்: எழுத்தை நான்கு மடங்குவரை பெரிதாக்கலாம்.

“நம்மாளு செஞ்சிட்டாருலா!” என்றாள் அக்கா.

நான்கு மடங்கு வைத்தேன். திரையில் ஒவ்வோர் எழுத்தும் கட்டைவிரல் அளவு இருந்தது. தெற்குத் தீவில் இறங்கிப் படகுக்காரனிடம் போனேன். அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு அதே பழைய குரலில் வாசித்தாள். அவனுடைய தம்பி கடலில் போனது, தண்ணீர் வற்றுவது, கடைசியாக, ஏழாம் நாள் வா, அக்கரை கொண்டுபோய் விடுகிறேன் என்பது.

எனக்கு மனம் நிறைந்துவிட்டது. என் மனைவி காப்பித் தம்ளரோடு பின்னால் வந்து நின்றிருந்தாள். அப்போதுதான் திரையைப் பார்த்தேன். ஏழாம் நாள் என்று அதில் இல்லை. அந்தப் படகு ஒன்பதாம் நாள்தான் வரும். விளையாட்டைச் செய்தவர்கள் ஏழு என்று தவறாக எழுதிவிட்டார்கள். ஆடிய எல்லோருக்கும் தெரிந்த பிழை. இந்தப் பதிப்பில் அதை ஒன்பது என்று திருத்தியிருந்தார்கள்.

“அக்கா, அந்தக் கடைசி வரியை இன்னொருக்க வாசி.”

ஏழாம் நாள் என்றே வாசித்தாள். தலை கொஞ்சமும் நகரவில்லை.

“ஒம்பதுன்னு போட்டிருக்குக்கா.”

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

“எனக்குத் தெரியுறதே ஒரு சின்ன ஓட்டை வழியாத்தாம்லே” என்றாள் பிறகு. “நீ எழுத்தைப் பெரிசாக்கப் பெரிசாக்க அந்த ஓட்டைக்குள்ள ஒரு எழுத்துகூட முழுசா வர மாட்டேங்கு. பொடியா இருந்தப்ப ரெண்டு மூணு வார்த்த சேந்து வரும்.”

“மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?”

“நீ கேக்கவே இல்லையே. ஆபீசுல சாப்பிடாமக் கொள்ளாம உக்காந்து அவுங்களுக்கு எழுதிக்கிட்டு இருக்க. அந்த மனுசன் வேற எங்கயோ இருந்து ஒவ்வொரு எழுத்தா வரைஞ்சிக்கிட்டு இருக்கார். என்னன்னு சொல்ல?”

என் மனைவி தம்ளரை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எழுத்தைப் பழைய அளவுக்கே குறைத்தேன். அக்கா தலையை நகர்த்தி நகர்த்தி வாசித்து, “ஆமா, ஒம்பதுன்னு மாத்திட்டாவ” என்றாள். அதன் பிறகு சில மாதங்கள் அப்படித்தான் ஆடினாள். மழைக்காலம் தொடங்கும்போது பொடி எழுத்தும் தெரியாமல் போயிற்று. நான் வாசிக்கிறேன், எங்கே போக வேண்டும் என்று நீ சொல் என்றேன். மூன்று ஞாயிறு அப்படி உட்கார்ந்தோம். எனக்கு யாருடைய குரலும் வரவில்லை. எல்லாரும் ஒரே மாதிரி பேசினார்கள். மூன்றாவது ஞாயிறு நடுக்கடலில் அவள் எழுந்துகொண்டாள்.

“போதும்லே. நீ எனக்காக உக்காந்திருக்க, நான் ஒனக்காக உக்காந்திருக்கேன். இது வேண்டாம்.”

ப்ரெயில் படிக்கலாமே என்று என் மனைவி ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். “படிச்சு?” என்று மட்டும் அக்கா கேட்டாள். இப்போது பகலில் ரேடியோ போட்டுவிட்டுப் படுத்தே கிடக்கிறாள். துணி மடிப்பாள், பூண்டு உரிப்பாள். சாப்பாடு மேஜையில் மூடி வைத்தபடியே இருக்கும் நாட்களும் உண்டு.

எழுத்தை வரைந்தவர் ஃபோரத்தில் எனக்குத் தனியாக எழுதியிருந்தார். அக்கா எப்படி வாசிக்கிறார், இன்னும் பெரிதாக வேண்டுமா, அடுத்த பதிப்பில் செய்யலாம் என்று கேட்டிருந்தார். நடந்ததை எல்லாம் எழுதினேன். எழுதியதை அழித்தேன். நன்றாக வாசிக்கிறார், மிக்க நன்றி, இதுவே போதும் என்று எழுதி அனுப்பினேன். அதற்கு அவர் ஒரு சிரிப்புப் படம் போட்டிருந்தார்.

போன வாரம் அக்காவைத் திருநெல்வேலிக்கு மறுபடி அழைத்துப் போனேன். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரத் தேவையில்லை, ஏதாவது வலி இருந்தால் மட்டும் வாருங்கள் என்றார். பார்வையற்றவர் என்ற சான்றிதழுக்கான தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னலோர இருக்கைக்கு அவளைக் கைபிடித்துக் கூட்டிப் போனேன்.

“நீ அங்கன உக்காருலே” என்று எனக்கு வழிவிட்டு நின்றாள்.

நான் உட்கார்ந்தேன். அவள் என் தோளைத் தொட்டுப் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.