படத்தில் மரமாய் நிற்பவர்

கத்தரிக்காய் தரையைத் தொடுவதற்குள் அவருடைய இடக்கால் அங்கே போய்விட்டது. புறங்காலில் விழுந்த காய் துள்ளவில்லை, உருளவில்லை. பூனைக்குட்டி போல அப்படியே படுத்துக்கொண்டது. குசினியில் நின்ற விமலாதேவி திரும்பிப் பாராமலே சொன்னார்: "சாப்பாட்டுச் சாமானைக் காலாலை தொடாதேங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது?" கணவருக்கு எண்பத்தெட்டு வயது. கால் தன்பாட்டில் போய்விடும். மற்ற உடம்புதான் புறுபுறுத்துக்கொண்டு பின்னால் வரும். காயைக் குனிந்து எடுப்பதற்கு அவர் மேசை விளிம்பைப் பிடிக்க வேண்டியிருந்தது.

சிட்னியின் பென்டில் ஹில்லில் எல்லோருக்கும் அவர் ரங்கன் அங்கிள். தாய் தகப்பன் வைத்த பெயர் ராங்கெல். பல்கேரியாக்காரர், தன்யூப் ஆற்றங்கரைத் துறைமுகம் ஒன்றில் மூட்டை சுமந்தவரின் மகன். எந்த ஊர் என்று கேட்டால், "சொன்னா உங்களுக்கு விளங்கப்போகுதோ?" என்று சுத்த யாழ்ப்பாணத் தமிழில் திருப்பிக் கேட்பார். நீலக் கண்ணும் சிவந்த மூக்குமாய் நிற்கும் ஒருவர் வாயிலிருந்து அது வரும்போது, கடையில் வெண்டிக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் முறிக்காமல் நிற்பார்கள்.

அந்தத் தமிழ் முழுக்க மனைவியைக் கேட்டுப் பழகியது. அதில் ஒரேயொரு கோளாறு. விமலாதேவி அவரை "இஞ்சருங்கோ" என்று கூப்பிட, யாரையும் மரியாதையாக விளிக்கும் சொல் அதுதான் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். தமிழ்க் கடைக் கல்லாவில் நிற்கும் லுப்னாவிடமும் "இஞ்சருங்கோ, பாண் வந்திட்டுதோ?" என்றுதான் கேட்பார். தமிழ்நாட்டிலிருந்து வந்த லுப்னாவுக்கு, அது மனைவி கணவனைக் கூப்பிடும் சொல் என்று யாரோ விளக்கியிருக்கிறார்கள். "என் மாப்பிள்ளையைக்கூட நான் இவ்வளவு ஆசையாக் கூப்பிட்டதில்ல, அங்கிள்" என்று பாண் ரொட்டியை நீட்டுவாள். சிரிப்பு எதற்கு என்று அவர் கேட்டதில்லை. தன்னைச் சுற்றி மற்றவர்கள் சிரிப்பது அவருக்குப் பழகிப்போன ஒன்று.

ஒரு காலத்தில் அவர் உதைபந்தாட்டத்தில் கோல் அடிப்பவர். அது ஒன்றுதான் அவருடைய வேலை. கட்டை உருவம், இடக்கால். பந்தை வலைக்குள் அனுப்பிய பிறகு ஓடமாட்டாராம், கையைத் தூக்கமாட்டாராம். முதுகைக் காட்டிக்கொண்டு நடுக்கோட்டுக்கு நடந்து வருவாராம். ஏன் என்று கேட்டால் சொல்வார்: "தபால்காரன் கடிதத்தைப் போட்டிட்டு வாசல்லை நிண்டு ஆடுறவனோ?"

ஐம்பத்தொன்பதாம் ஆண்டு அவருடைய ஊர்க் கழகம் மாகாணக் கிண்ண இறுதியாட்டத்துக்கு வந்தது. மழை. மைதானம் களிமண்ணாய்க் கிடந்தது. ஒரே தெருவில் பிறந்து வளர்ந்த சிநேகிதன் மெத்தோடி வலப்பக்க ஓரத்தால் ஓடி, கோட்டுக்கு வெளியே பந்து போகப்போகும் நேரத்தில் அதைப் பின்னுக்கு இழுத்துக் கொடுத்தான். ராங்கெல் இடக்காலால் அடித்தார். கம்பத்தின் உட்பக்கத்தில் பட்டு உள்ளே போயிற்று. அந்த ஆட்டத்தின் ஒரே கோல் அது. அவருடைய கழகம் அதற்கு முன்னும் பின்னும் அந்தக் கிண்ணத்தைத் தொட்டதில்லை.

இரண்டு வருடம் கழித்துக் கழகம் வியன்னாவுக்கு விளையாடப் போனது. "ஹோட்டலாலை சிகரெட் வேண்ட வெளிக்கிட்டனான். இன்னும் திரும்பிப் போகேல்லை" என்பார் அங்கிள். இந்தப் பகிடியை அவர் எத்தனையோ சபைகளில் சொல்லியிருக்கிறார். சொல்லாமல் விடுவது, அதற்குப் பிறகு ஊரில் நடந்தது. கம்யூனிஸ்ட் ஆட்சியிலிருந்து தப்பியோடிய குற்றத்துக்காக, அவர் இல்லாமலே வழக்கு நடத்தி அவருக்குத் தண்டனை விதித்தார்கள். அம்மாவை வீட்டிலிருந்து எழுப்பி ஓர் ஒற்றை அறைக்குள் விட்டார்கள். பல்கலைக்கழகத்துக்குப் போகவேண்டிய தம்பி செங்கல் சூளைக்குப் போனான். கிண்ணம் வென்ற அணியின் படத்தில் வரிசைக் கடைசியில் நின்ற ராங்கெல்மேல் யாரோ நிதானமாகத் தூரிகை ஓட்டி, அவரை ஒரு தேவதாரு மரமாக்கினார்கள். மரத்தினால் கோல் அடிக்க முடியாது என்பதால், கோல் மெத்தோடியின் பெயருக்குப் போனது. பார்வையாளர் மேடைக்கு இன்று மெத்தோடியின் பெயர்.

சிட்னிக்கு வந்த ராங்கெலுக்கு ஆட்டம் மிச்சமிருந்தது. அதை முடித்தது முழங்கால் அல்ல, கழுத்து. பல்கேரியர்கள் ஆமென்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவார்கள். இல்லையென்பதற்கு மேலும் கீழும். வந்தேறிகள் சேர்ந்து நடத்திய ஒரு கழகத்தில் அவரைச் சேர்த்தார்கள். பருவத்தின் பெரிய ஆட்டத்துக்கு முன்னால் பயிற்சியாளர் அவருடைய வீங்கிய முழங்காலைக் காட்டி, தாங்குமா என்று கேட்டார். ராங்கெல் உற்சாகமாகத் தலையை இருபக்கமும் ஆட்டினார். பெயர்ப் பலகையில் அவர் பெயர் இல்லை. இங்கேயும் தன்னை அழிக்கிறார்கள் என்று நினைத்தார். ஏன் என்று கேட்க மொழி இல்லை; கேட்கிற குணமும் இல்லை. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தவர் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. யாரோ ஒருவர் தலையாட்டல் விஷயத்தை விளக்கிச் சொன்னபோது முழங்கால் உண்மையிலேயே போய்விட்டிருந்தது.

பிறகு ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகும் வேலை. எழுபதுகளின் நடுவில் அங்கே தாதியாக வந்து சேர்ந்த விமலாதேவி ஒருநாள் தேநீர் வேண்டுமா என்று கேட்டார். ராங்கெல் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினார். விமலாதேவி மறுபேச்சில்லாமல் கோப்பையில் ஊற்றினார். இந்த நாட்டுக்கு வந்து பதினான்கு வருடத்தில் அவருடைய தலைக்குச் சரியான பொருள் கண்ட முதல் மனிதப் பிறவி. "அண்டைக்கே முடிவெடுத்திட்டன்" என்பார்.

எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு விமலாதேவியின் தம்பி நித்தியானந்தன் வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்குக் கோல் காக்கும் கோலியாக நின்றவர், நார்த்மீட்டில் வீடு. அக்காவின் புருஷனுடைய கதைகளை அவர் ஒரு கோலியின் சந்தேகத்தோடுதான் கேட்டுக்கொண்டிருந்தார். ராங்கெலின் மகள் பிரவீணா இணையத்தில் தேடி அந்தப் பழைய அணிப் படத்தை எடுத்த நாள் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

"அத்தான், இதிலை நீங்கள் எங்கை?"

"இந்த மரம்."

நித்தியானந்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "கோல் அடிச்சது மரமோ! நானும் எத்தினை கோல் விட்டனான், மரத்திட்டை விட்டதில்லை."

அன்று தொடங்கியது. பிறந்தநாள் விருந்தென்றால் "எங்கடை மரத்துக்கு ஒரு கதிரை போடுங்கோ." தோட்டத்தில் தண்ணீர் விட்டால் "அத்தானுக்கும் கொஞ்சம் ஊத்துங்கோ." ரங்கன் அங்கிளும் சிரிப்பார். மற்றவர்கள் சிரித்து முடிக்கிற நேரத்தில்தான் அவருடைய சிரிப்பு தொடங்கும்.

மெத்தோடியை நன்றாக ஒருமுறை திட்டித் தீர்த்திருந்தால் மனசு ஆறியிருக்கும். அதற்கும் வழியில்லாமல் போயிற்று. ஆட்சி கவிழ்ந்த பிறகு தம்பியோடு முதன்முதலாகத் தொலைபேசியில் பேசியபோது தம்பி ஒரு விஷயம் சொன்னான். ஒவ்வொரு பனிக்காலத்திலும் அம்மாவின் அறைக்கு நிலக்கரி சுமந்து வந்து போட்டது மெத்தோடி. சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்ததும் மெத்தோடி. அங்கிள் இதைச் சொல்லும்போது முகம் புளித்ததைத் தின்றவர் முகம்போல ஆகும். "முழுசாக் கள்ளனாய் இருந்திருக்கலாம். எனக்குச் சுகமாய் இருந்திருக்கும்."

இந்த வருடம் அந்தக் கழகத்துக்கு நூறு வயது. மெத்தோடியின் பேத்தி ரலிட்சா தாத்தாவின் பழைய சிநேகிதனைத் தேடி முகநூலில் பிரவீணாவைப் பிடித்தாள். விழா மண்டபத்துப் பெரிய திரையில் ராங்கெல் தோன்றி, அந்தக் கோலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசவேண்டும். தொண்ணூறு வயது மெத்தோடியும் முன்வரிசையில் இருப்பார். அந்த அணியில் உயிரோடு இருப்பது இவர்கள் இருவர்தான்.

அதற்குப் பிறகு ஒரு கிழமையாய்க் குளியலறையில் பேச்சுச் சத்தம். அவருடைய பல்கேரிய மொழி துருப்பிடித்திருந்தது. வசனத்துக்கு நடுவே "எண்டு" வந்து விழுந்தது. நிறுத்தி, தொண்டையைச் செருமி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அவருக்கு ஒரு வசனம் போதும். அந்தக் கோல் என்னுடையது. அதை அந்த ஊர்ச் சனத்தின் முன்னால் ஒருமுறை சொல்லிவிட வேண்டும்.

விமலாதேவி கதவுக்கு வெளியே துவாயோடு நின்றார். "இஞ்சருங்கோ, அந்த மனிசன் உங்கடை அம்மாவுக்குக் கரி சுமந்தவர். தொண்ணூறு வயசு. சபையிலை வைச்சு அவரை… இனி என்னத்துக்கு?"

உள்ளே குழாய் நின்றது. "எனக்கும் எண்பத்தெட்டு. இனி எப்ப?"

ஞாயிறு மாலை, அங்கே காலை. மேலே கோட்டும் டையும், கீழே சாரமுமாய் அவர் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தார். "டாட், ஸ்கிரீனைப் பார்க்காதேங்கோ, லுக் அட் த கமரா" என்றாள் பிரவீணா. நித்தியானந்தன் படத்தில் விழாத தூரத்தில் ஒரு தட்டு வடையோடு இடம்பிடித்திருந்தார்.

மண்டபம் தெரிந்தது. மேடைக்குப் பின்னால் அந்த அணிப் படம், சுவர் அளவுக்குப் பெரிதாக. தேவதாரு அப்படியே நின்றது. யாருக்கும் அதை எடுக்கத் தோன்றவில்லை. அதற்கு எதிரே முன்வரிசையில், சக்கர நாற்காலியில், மெலிந்து, கோட்டில் பதக்கம் குத்திக்கொண்டு மெத்தோடி. தலையில் ஒரு மயிர் இல்லை. ஆனால் வலத் தோளை ஒருபக்கம் சரித்து உட்காரும் விதம் மாறவில்லை. ஓரத்தால் ஓடும்போதும் அப்படித்தான் சரித்திருப்பான்.

ரலிட்சா மேடையிலிருந்து கணீரென்று கேட்டாள். "ராங்கெல் தாத்தா, எங்கள் மெத்தோடி அந்தக் கோலை எப்படி அடித்தார்? அருகில் இருந்து பார்த்த நீங்களே சொல்லுங்கள்!"

அங்கிள் கமராவைப் பார்த்தார். வசனம் துருவில்லாமல் வந்தது.

"அந்தக் கோல் நான் அடித்தது. மெத்தோடி பந்தைக் கொடுத்தான். நல்ல பந்து. அடித்தது என் இடக்கால்."

மண்டபத்தின் பின்வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். அது முன்னுக்குப் பரவியது. ரலிட்சாவும் சிரித்தாள், கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டாள். "கேட்டீர்களா! உலகத்தின் மறுமுனையில் இருந்தும் சிநேகிதரைச் சீண்டாமல் விடமாட்டேன் என்கிறார்! எங்கள் ராங்கெல் தாத்தாவுக்குப் பெரிய கைதட்டல்!" கைதட்டல் எழுந்தது. எழுந்து நின்றும் தட்டினார்கள். வாத்தியக்காரர்கள் அதையே அடையாளமாக எடுத்துக்கொண்டு தொடங்கிவிட்டார்கள்.

பல்கேரிய மொழி தெரியாத வீட்டுக்காரர்களுக்குக் கைதட்டல் மட்டும் விளங்கியது. "ஆ, அத்தான்! சனம் எழும்பி நிண்டெல்லே தட்டுது!" என்றார் நித்தியானந்தன். "சொல்லிப்போட்டியளோ?"

"சொன்னனான்."

"நம்பினவையோ?"

"உங்களை மாதிரித்தான். சிரிச்சவை."

நித்தியானந்தன் கடித்த வடையைத் தட்டிலேயே வைத்தார். விமலாதேவி கையிலிருந்த துணியால் ஏற்கெனவே துடைத்த மேசையைத் துடைத்தார்.

அங்கே விழா அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விட்டது. ரலிட்சா மேடையை விட்டு இறங்கியிருந்தாள். ஆனால் கமராவை யாரோ முன்வரிசைக்குத் திருப்பி, அப்படியே விட்டிருந்தார்கள். திரை முழுக்க மெத்தோடி. அந்த மண்டபத்தில் சிரிக்காதவர் அவர் ஒருவர்தான். பகிடி இல்லை என்று தெரிந்தவரும் அவர் ஒருவர்தான். நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழும்பப் பார்த்தார், முடியவில்லை. வாய் திறந்து மூடியது. பக்கத்தில் இருந்தவர் வாத்தியத்துக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். மெத்தோடி தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கடைசியில் பெரிய திரை இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார். அங்கே தெரிந்த ராங்கெலின் முகத்தை நேரே பார்த்தார். கன்னம் நனைந்திருந்தது. ஒரு கை மெதுவாக மேலே வந்தது.

"ஓ டாட், ஹி இஸ் க்ரையிங்" என்றாள் பிரவீணா. "ப்ளீஸ், கையைக் காட்டுங்கோ, டாட். ஜஸ்ட் வேவ்."

ரங்கன் அங்கிள் கையைத் தூக்கினார். மடிக்கணினியின் மேல்விளிம்பில் இருந்த சின்னக் கமராக் கண்ணாடிப் பொட்டின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி மூடினார். திரையின் மூலையில் தெரிந்துகொண்டிருந்த அவருடைய சொந்த முகம் இருண்டது; மண்டபத்துப் பெரிய திரையிலும் அப்படித்தான் இருண்டிருக்கும். விரலை எடுக்காமல், கண் இமைக்காமல், அந்தப் பக்கத்துக் கிழவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.