கராஜில் வைத்த பந்தி

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சிட்னி மத்திய ரயில் நிலையத்திலிருந்து மெல்பனுக்குப் புறப்பட்டோம். தூரம் தொள்ளாயிரத்து அறுபது கிலோமீட்டர். இந்த நாடு மைலை விட்டுக் கிலோமீட்டருக்கு மாறிய புதிது. பக்கத்தில் இருந்த வால்டருக்கோ இன்னும் மைல்தான் கணக்கு. "அறுநூறு மைல் போய் ஒரு கல்யாணத்துக்கு ஊதப் போகிறேன். என் அம்மா இருந்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள்" என்றார். சாக்ஸபோன் பெட்டியை மேலே வைக்காமல் கால்களுக்கிடையில் வைத்திருந்தார்.

வால்டர் அமெரிக்கக் கறுப்பர், ஐம்பதைத் தாண்டியவர். நியூடவுனில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் மேல் அறை அவருடையது. தெற்கத்திய ஊரொன்றில் தேவாலயத்தில் ஊதத் தொடங்கி, மீசை அரும்பும் முன்னரே ஒரு ரிதம் அண்ட் புளூஸ் குழுவோடு ஊர் ஊராக அலைந்தவர். பெரிய பாடகர்களின் இசைத்தட்டுகளில் இடையில் ஓர் உறுமல் கேட்கும். அது இவர் மூச்சு. தட்டின் உறையில் பெயர் இராது. பிறகு ஜாஸ் பக்கம் சாய்ந்தார். வியட்நாமிலிருந்து அமெரிக்கச் சிப்பாய்கள் விடுமுறைக்கு வந்து கிங்ஸ் குரொஸ் விடுதிகளை நிரப்பிய காலத்தில் சிட்னிக்கு வந்தார். சிப்பாய்கள் போய்விட்டார்கள், இவர் தங்கிவிட்டார். சனிக்கிழமைகளில் எங்கள் படிக்கட்டில் சாக்ஸபோன் பெட்டிகளோடு ஆட்கள் இவரிடம் பாடம் கேட்க வரிசையில் நிற்பார்கள். சிட்னியில் யார் வாசித்தாலும், சுரத்தைக் கீழிருந்து இழுத்து வந்து நிறுத்தும் அந்த வித்தை இவரிடம் திருடியது என்று எனக்கே தெரியும்.

இவர் கல்யாணத்துக்கு ஊத வந்த கதைக்கு என் வாய்க்கொழுப்புத்தான் காரணம். மெல்பனில் எங்கள் யாழ்ப்பாணத்துப் பொன்னம்பலம் அண்ணை மகளுக்குக் கல்யாணம் வைத்தார். பந்தல் உண்டு, ஐயர் உண்டு, நாதஸ்வரத்துக்கு மட்டும் ஆளில்லை. "தாலி கட்டேக்க கசெற்றோ போடுறது? மானம் போகும், தம்பி!" என்று தொலைபேசியில் புலம்பினார். "அண்ணை, என்னட்ட ஆள் இருக்கு" என்று நான் அளந்துவிட்டேன். வால்டருக்கு என்னிடமிருந்த நாதஸ்வரக் கசெற்றைப் போட்டுக் காட்டினேன். ஆனந்தபைரவியின் முதல் இழுப்பிலேயே எழுந்து நின்றுவிட்டார். "இந்த மனிதன் எங்கள் ஆள்" என்றார். அன்றிலிருந்து மூன்று வாரம் வீடு முழுக்க ஆனந்தபைரவிதான்.

கோல்பனில் ஏறிய ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி எங்கள் எதிரே உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் சங்கீத ஆசிரியை. பெட்டியைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், சிவந்து போனார். "நீங்கள் அவர்தானே? என் கணவர் உங்களைக் கேட்டுவிட்டுத்தான் கிளாரினெட்டை விற்றுச் சாக்ஸபோன் வாங்கினார். எங்கள் ஊர் நடன இசைக்குழு முழுக்க இப்போது உங்களைப்போல்தான் ஊதுகிறது, பாதிதான் சரியாக வருகிறது!" வாகா வாகாவில் இறங்குமுன் தன் கேக்கில் பெரிய துண்டை வெட்டி அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "இதெல்லாம் என்ன, நாளைக்குப் பாருங்கள்" என்றேன். "எங்கள் ஆட்கள் சங்கீதத்தைக் கும்பிடுகிறவர்கள். வாசலில் சந்தனம் பூசி அழைத்துப் போவார்கள். நீங்கள்தான் சபைக்கு முதல் விருந்தாளி. என் வார்த்தையை நம்புங்கள்."

"இதுவரை எனக்குச் சமையலறைக் கதவுதான் பழக்கம்" என்று அவர் சிரித்தார். அவருடைய நாட்டில் மேடையில் அவருக்குக் கைதட்டிய ஹோட்டல்களே சாப்பாட்டு அறைக்குள் விடுவதில்லையாம். குழு முழுவதும் பின்வாசலில் நின்று பொட்டலத்தைப் பிரித்துத் தின்றிருக்கிறது. "நாளைக்கு அப்படி நடக்காது" என்று நான் அவர் கையைப் பிடித்துச் சொன்னேன். அல்பரிக்கு அப்பால் நிலம் காய்ந்து மஞ்சளாகக் கிடந்தது. எனக்கு அதுவும் அழகாகத் தெரிந்தது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. கிளேட்டனில் பொன்னம்பலம் அண்ணையின் வீடு. பின்வளவில் தார்ப்பாய்ப் பந்தல், வாழைமரத்துக்குப் பதில் தொட்டியில் வைத்த ஏதோ பனைச்செடி. வால்டர் கறுப்புக் கோட்டும் கழுத்துப் பட்டியுமாக வந்திருந்தார். மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட அண்ணன் டொக்டர் தவராசா மிருதங்கத்தோடு பக்கத்தில் அமர்ந்தார். சந்தனக் கிண்ணம் டொக்டரிடம் வந்து, அப்படியே மாப்பிள்ளை வீட்டார் பக்கம் போய்விட்டது. வால்டரை மறந்துவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

வாசித்தார் ஐயா, வாசித்தார்! பொம்பிளை வரும்போது ஆனந்தபைரவியை இழுத்தாரே, குசினிக்குள் நின்ற பெண்கள் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்கள். தாலி எடுக்கும் நேரம் பொன்னம்பலம் அண்ணை ஆட்காட்டி விரலை ஆட்டி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று கத்தினார். விரல் ஆடினால் உள்ள மூச்செல்லாம் கொட்ட வேண்டும் என்று வால்டரிடம் நான் சொல்லி வைத்திருந்தேன். அவர் கொட்டினார். பந்தலில் அழாதவர் இல்லை. அண்ணை என்னைக் கட்டிப்பிடித்து, "மானத்தைக் காப்பாத்திப் போட்டாய், தம்பி" என்றார்.

பந்தி போட்டார்கள். உள்ளே வரவேற்பறையில் வெள்ளைச் சீலை விரித்துக் காகிதத் தட்டுகள் வைத்திருந்தது. நான் வால்டரைக் கூப்பிடத் திரும்பினேன். அண்ணை என் முழங்கையைப் பிடித்தார்.

"தம்பி, மேளத்துக்குச் சாப்பாடு கராஜில வைச்சிருக்கு."

"அண்ணை, அவர் மேளமில்லை. பெரிய வித்துவான்."

"வித்துவான்தான், ஆர் இல்லையெண்டது? கராஜில கதிரை, மேசை, பாயாசம், எல்லாம் ஒரு குறையில்லாமல் போட்டிருக்கு. சம்பந்தி வீட்டார் பாக்கினம். ஊதின ஆளைப் பந்தியில இருத்தினதெண்டு நாளைக்குக் கதை வந்தால் நான் என்ன செய்ய? நீ வா, இரு."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? கராஜுக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் பந்தியில் உட்கார்ந்தேன். கத்தரிக்காய்க் குழம்பு நன்றாயிருந்தது என்பது இன்னும் நினைவிருக்கிறது. எனக்கு எதிரே டொக்டர் தவராசா இரண்டாந்தரம் பாயாசம் கேட்டு வாங்கினார். அவரும் வாசித்தவர்தான். அவரை யாரும் கராஜுக்கு அனுப்பவில்லை.

கைகழுவிவிட்டு ஓடினேன். காருக்கும் புல்வெட்டும் இயந்திரத்துக்கும் நடுவில் வால்டர் தனியே உட்கார்ந்து சாப்பிட்டு முடித்திருந்தார். தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை. "நல்ல சாப்பாடு" என்றார். பூமி பிளந்தால் இறங்கியிருப்பேன்.

ஞாயிறு காலை திரும்பும் ரயில். நகரம் பின்னால் போய், வேலிகளும் ஆட்டு மந்தைகளும் வரும்வரை இருவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அவர்தான் தொடங்கினார்.

"குலம், உன் ஆட்கள் என்னைவிட அதிகம் வெள்ளையில்லை. அதனால்தான் எனக்குப் புரியவில்லை."

"நிறத்துக்காக இல்லை!" என்றேன். அத்தனை அவசரமாக, ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல. "சத்தியமாக நிறத்துக்காக இல்லை."

"டிரம் வாசித்த டொக்டர் உள்ளே சாப்பிட்டார். வாசித்ததற்காகவும் இல்லை. பிறகு எதற்கு?"

சொல்லத்தான் வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் நாதஸ்வரம் ஊதுவது ஒரு சாதியின் தொழில். டொக்டர் பொழுதுபோக்குக்கு மிருதங்கம் படித்தவர், சாதி வேறு. ஊத வந்த ஆளை எந்தத் தேசத்தவரென்று பார்க்கவில்லை, ஊதுகிறவரின் இடத்தில் வைத்துவிட்டார்கள். இங்கிலிஷில் சொல்லச் சொல்ல என் நாக்கே எனக்குக் கூசியது. யாழ்ப்பாணத்தில் இதை நான் யாருக்கும் விளக்க நேர்ந்ததில்லை. அங்கே எல்லோருக்கும் தெரியும், ஊதுகிறவர்களுக்கும் தெரியும். கப்பலேறி, விமானமேறி, பனைமரத்தைக்கூடக் கொண்டுவர முடியாத நாட்டுக்கு இதை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறோம்.

வால்டர் சாக்ஸபோன் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"அந்தக் கசெற்றில் வாசித்த மனிதன், நீ கண்ணீர் விட்டுக் கேட்பாயே, அவர் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாரா?"

"என் அக்கா கல்யாணத்துக்கு வந்தார். விடிய விடிய வாசித்தார்."

"எங்கே சாப்பிட்டார்?"

எனக்குத் தெரியவில்லை. நான் அதைப் பார்த்ததேயில்லை.