கம்பம் நின்றிருந்த நாட்கள்

என் மனைவி இறந்த அன்று பொழுது சாய்ந்ததும் எங்கள் ஊரில் வழக்கம்போலக் கம்பத்தாட்டம் நடந்தது. இதை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் முதலில் நம்ப மாட்டார்கள், பிறகு கோபப்படுவார்கள். என் மகளும் கோபப்பட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. அன்று எனக்கு எதுவுமே வரவில்லை.

எங்கள் ஊர் கிணத்துக்கடவுக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ஊர் முக்கில் மோட்டாருக்குத் தாமிரக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். சுற்றுப்பட்ட தென்னந்தோப்புகளில் மோட்டார் புகைந்துவிட்டால் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். மனைவி வீட்டிலேயே துணி தைத்துக்கொண்டிருந்தாள். ஒரே மகள். கோயம்புத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, அங்கேயே ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள்.

மாரியம்மன் நோன்பு சாட்டியதும், அதாவது திருவிழாவை ஊருக்கு அறிவித்ததும், மூன்று கிளையாகப் பிரிந்த மரம் ஒன்றை வெட்டிவந்து கோயிலுக்கு முன்னால் நடுவார்கள். அதுதான் கம்பம். அது அம்மனுக்குப் புருஷன் என்பது ஐதீகம். கடைசி நாள் பிடுங்கிக் கிணற்றில் விடுகிறவரை தினமும் விடியற்காலையில் பெண்கள் ஈரச் சேலையோடு வந்து மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். பொழுதோடு ஆண்கள் அதைச் சுற்றி ஆடுவோம். தப்பட்டையும் தவிலும் அடிக்க அடிக்க வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். எட்டாவது படிக்கும்போது நான் அந்த வட்டத்தில் சேர்ந்தேன். முன்னே போய், பின்னே வந்து, உடம்பைத் திருப்பிக் குனிந்து, ஒரு கையைத் தூக்கிக் குதித்து, மறுபடியும் முன்னே. அடி மாறும்போது மொத்த வட்டமும் ஒரே ஆள் மாதிரி மாறவேண்டும். மாறாவிட்டால் பக்கத்து ஆளின் தோளில் இடித்துக்கொள்வோம். கடையில் பகல் முழுக்கக் குனிந்தே இருக்கும் எனக்கு வருஷத்தில் அந்தப் பதினைந்து நாள்தான் முதுகு நிமிரும்.

என் மனைவி கோயிலுக்கு எதிரே பால்வாடிச் சுவரோரம் மற்ற பெண்களோடு நின்று பார்ப்பாள். வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கு யார் நன்றாக ஆடினார்கள் என்று சொல்வாள். அதில் பெரும்பாலும் என் பெயர் இருக்காது.

கம்பம் நட்டு நான்காவது நாள். விடியற்காலையில் குளித்து, சொம்பில் மஞ்சள் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அவள் திரும்பி வந்து கதவைத் திறந்த சத்தத்தில்தான் எழுந்தேன்.

"ஏனுங்க, ஒரு மாதிரியா கிறுகிறுன்னு வருதுங்க. சித்த நேரம் படுத்துக்கறேன். பால்காரர் வந்தா வாங்கி வெச்சுருங்க," என்றாள்.

"சேலைய மாத்திட்டுப் படு. ஈரமா இருக்குது."

"மாத்தறேனுங்க."

பால்காரர் வந்தார். வாங்கி அடுப்படியில் வைத்துவிட்டு உள்ளே போனேன். சேலையை மாற்றாமலே தரையில் பாயை விரித்துப் படுத்திருந்தாள். கூப்பிட்டேன். தோளைத் தொட்டு உலுக்கினேன். பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்தார். கிணத்துக்கடவு போய்ச் சேர்ந்தபோது டாக்டர் பார்த்துவிட்டு, வரும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார். நான் சரிங்க என்றேன். அதே காரில் திரும்பினோம். மழை இல்லாத மாதம். ரோட்டோரம் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்துக்கொண்டே வந்தது நினைவிருக்கிறது.

மகள் பத்து மணிக்கெல்லாம் வந்துவிட்டாள். அவள் அழுதாள். அவளைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் அழுதார்கள். நான் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். மஞ்சளும் குங்குமமுமாகப் போய்விட்டாள், அம்மனுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறாள், இப்படி யாருக்குக் கிடைக்கும் என்றார்கள். நான் தலையாட்டினேன்.

பதினோரு மணி வாக்கில் கோயில் கமிட்டியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் எனக்கு மாமன் முறை. வயதில் பெரியவர். ஆட்டத்தில் எனக்கு முன்னால் ஆடுகிறவர். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"மாப்ள, உங்ககிட்ட இத எப்படிக் கேக்கறதுன்னே தெரியலீங்க."

"சொல்லுங்க மாமா."

"கம்பம் நின்னுட்டிருக்குது. ஊருக்குள்ள எழவு கெடக்கறவரைக்கும் கோயில்ல வெளக்கு வெக்க முடியாதுங்க. உங்களுக்குத் தெரியாததில்ல. மூணு மணிக்குள்ள எடுத்துட்டா, கோயிலக் கழுவியுட்டுப் பொழுதோட ஆட்டத்தத் தொடங்கிரலாம். வர வேண்டிய சொந்தம் யாராச்சும் தூரத்துல இருக்கறாங்களா?"

நான் யோசித்துப் பார்த்தேன். மகள் வந்தாயிற்று. மனைவியின் அண்ணன் ஆனைமலையிலிருந்து வந்துகொண்டிருந்தார்.

"யாருமில்லீங்க மாமா. எடுத்தரலாம்."

அவர் என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினார். அவர் கண் கலங்கியிருந்தது. அவர் போன பிறகு மகள் வெளியே வந்தாள். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"இன்னிக்கே ஆடுவாங்களாப்பா?"

"ஆடுவாங்க கண்ணு."

"நிறுத்தச் சொல்லுங்க."

"கம்பம் நட்டாச்சு. நிறுத்த முடியாது."

"அம்மா செத்துருக்காங்க."

"ஆமா கண்ணு."

அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். அதில் எதையோ தேடினாள் என்று நினைக்கிறேன். கிடைக்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

எழவுக்குத் தப்பட்டை அடிக்க வந்தவரும் கோயிலில் அடிக்கிறவரும் ஒருவரேதான். எழவுக்கு அவருக்குத் தனித் தப்பட்டை உண்டு. ஊருக்கு வடக்கே காலனியில் வீடு. பகலில் பெயிண்ட் அடிக்கப் போவார். என்னைவிட நான்கைந்து வயது குறைவு. சுடுகாடு வரைக்கும் முன்னால் அடித்துக்கொண்டு போனார். எல்லாம் முடிந்து, குளித்துவிட்டுக் கிணற்றடியில் ஈர வேட்டியோடு நின்றுகொண்டிருந்தபோது தயங்கித் தயங்கி வந்தார்.

"அண்ணா, பொழுதோட கோயில்ல அடிக்கோணுங்க. உங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும்."

"அடிங்க. அதுக்கென்ன."

அவர் போகவில்லை.

"அக்கா காலைல எங்கிட்டப் பேசுனாங்கண்ணா. தண்ணி ஊத்திப்போட்டுத் திரும்பறப்ப. அவருக்கு முட்டி வலி, சொல்ல மாட்டாரு, கொஞ்சம் மெதுவா அடிங்கன்னாங்க. நானும் சிரிச்சுட்டு, ஆகட்டுங்கக்கான்னேன்."

எனக்கு முட்டி வலி இருந்தது உண்மை. அவளிடம் சொன்னதில்லை. படியேறும்போது பார்த்திருப்பாள். இதைக் கேட்டு நான் அங்கேயே உட்கார்ந்து அழுதிருக்கவேண்டும். அப்படித்தான் அவரும் எதிர்பார்த்தார், என்னைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி ஓர் அடி முன்னால் வந்தார். நான், "நேரமாச்சு, நீங்க போய்க் குளிங்க," என்றேன்.

ஆறரை மணிக்குத் தப்பட்டைச் சத்தம் கேட்டது. வீட்டில் பத்துப் பேர் இருந்தோம். பக்கத்து வீட்டில் சமைத்துக் கொண்டுவந்த சோறும் ரசமும் நடுவில் இருந்தன. எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள், பிறகு பார்க்காத மாதிரி இருந்தார்கள். மகள் எழுந்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். சாத்தினாலும் சத்தம் வந்தது. கோயில் இரண்டு வீதி தள்ளித்தான்.

ஒரு மோட்டாரை ஓடவிட்டுக் கேட்டாலே எந்த இடத்தில் கோளாறு என்று எனக்குத் தெரிந்துவிடும். அப்படித்தான் அன்றும் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது வட்டம் சின்னதாக இருக்கிறது, இப்போது பையன்கள் சேர்ந்துவிட்டார்கள், இப்போது அடி மாறுகிறது. என் இடத்தில் யாரை நிறுத்தியிருப்பார்கள் என்றும் யோசித்தேன். காலை மடக்கி உட்கார்ந்திருந்தேன். கால் அசையவில்லை. மனைவி தைத்து முடிக்காத ஜாக்கெட் ஒன்று மெஷினில் ஊசிக்கடியில் அப்படியே இருந்தது. அதற்குரிய பெண்ணும் எங்களோடு உட்கார்ந்திருந்தார்.

எங்கள் வீட்டுக்குத் தீட்டு. அதனால் பூவோடு என்கிற ஊர்வலம் அந்த வருஷம் எங்கள் வீதிக்குள் வரவில்லை. பெண்கள் தீச்சட்டி ஏந்தி, முன்னால் மேளத்தோடு எல்லா வீதியும் சுற்றி வருவது அது. எங்கள் வீதி முனை வரைக்கும் வந்து அப்படியே திரும்பிப் போனார்கள். எதிர் வீட்டில் புதிதாகக் கல்யாணமான பெண் நோன்புக்கு வந்திருந்தாள். வாசலில் பெரிய கோலம் போட்டு வைத்திருந்தார்கள். கடைசியில் அந்தக் குடும்பமே தேங்காய் பழத் தட்டைத் தூக்கிக்கொண்டு முனைக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தது. அந்தப் பெண்ணின் அம்மாவிடம், எங்களால் உங்களுக்குச் சிரமம் என்றேன்.

"அதொண்ணுமில்லீங்ணா. நாலு எட்டுத்தான," என்றார். சொல்லும்போதே சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்காக அழுதவர்கள் அப்போது நிறையப் பேர் இருந்தார்கள்.

மகள் இரண்டு வாரம் லீவு போட்டிருந்தாள். ஒருநாள் சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் வெளியே போனாள். தீட்டு வீட்டுக்காரர்கள் கோயிலுக்குப் போகக் கூடாது. நான் தடுக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வந்தாள்.

"கோயில்கிட்டப் போகலப்பா. மளிகைக்கடை முக்குல நின்னு பாத்தேன்."

"ம்."

"நல்லாத்தான் ஆடறாங்க. செல்லுல வீடியோ எடுக்கறவங்கதான் பாதிப் பேரு." செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அம்மா எங்க நிப்பாங்க?" என்று கேட்டாள்.

"பால்வாடிச் செவுத்துகிட்ட."

"அங்க இப்ப பைக் நிறுத்தியிருக்காங்க."

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உங்களுக்கு அழுகையே வரலியாப்பா?" என்று கேட்டாள். குற்றம் சொல்கிற குரலில் கேட்கவில்லை, காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்பது மாதிரி கேட்டாள்.

"வரல கண்ணு. ஏன்னு எனக்கும் தெரியல."

"வரும்பா," என்றாள். பிறகு எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள். கடைசி நாள் கம்பத்தைப் பிடுங்கும்போது வேட்டுப் போட்டார்கள். நாங்கள் இருவரும் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு கடையைத் திறந்தேன். தாமிரக் கம்பி சுற்றுவதற்குக் கை போதும். வருகிறவர்கள் ஆரம்பத்தில் மெல்லப் பேசினார்கள், பிறகு பழையபடி அவசரப்படுத்தினார்கள். அதுவே வசதியாக இருந்தது. சமைக்கக் கற்றுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வந்து போனாள். இடையில் எங்கேயாவது அந்த அழுகை வந்துவிடும் என்று நான் காத்துக்கொண்டுதான் இருந்தேன். ஒருமுறை பஸ்ஸில் கண்ணில் தூசி விழுந்து நீர் வந்தபோது இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். தூசிதான்.

இந்த வருஷம் நோன்பைப் பத்து நாள் தள்ளிச் சாட்டினார்கள். அதற்குள் வருஷ திதி கொடுத்து முடித்திருந்தேன். கம்பம் நட்ட மறுநாள் மாமா கடைக்கு வந்தார்.

"இன்னிக்கு வந்துருங்க மாப்ள."

"வாரேனுங்க மாமா."

"வராம இருந்தா நானே வந்து கூட்டிட்டுப் போவேன்."

"இல்லீங்க, வாரேன்."

போனேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றேன். ஊர்க்காரர்கள் என்னைப் பார்த்து விலகி இடம் விட்டார்கள். எல்லோரும் ஏதோ நடக்கப்போகிறது என்று நினைத்தார்கள். நானும் நினைத்தேன். தப்பட்டை தொடங்கியது. கால் தானாகவே போனது. முன்னே, பின்னே, திரும்பல், குதி. ஒரு வருஷம் ஆடாவிட்டாலும் எதுவும் மறந்திருக்கவில்லை. பால்வாடிப் பக்கம் வட்டம் திரும்பும்போது ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொள்வது என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்திருந்தேன். நாலைந்து சுற்றுக்குப் பிறகு அதையும் மறந்துவிட்டேன். அடி மாறுகிற இடத்தில், மறுநாள் தருவதாகச் சொன்ன ஏழரை எச்பி மோட்டாருக்குப் பேரிங் வாங்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அதை நினைத்தபடியே குதித்தேன். சரியாகத்தான் குதித்தேன். என் தோளில் யாரும் இடிக்கவில்லை.

இடைவேளையில் சுக்குக்காப்பி கொடுத்தார்கள். மாமா டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, "எப்படி மாப்ள?" என்றார்.

"மூச்சு வாங்குதுங்க."

"வாங்கும். ஒரு வருசம் ஆச்சுல்ல," என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. அதற்காக அவரிடம் எனக்கு நன்றி இருந்தது. அந்த நாளில் எனக்குத் தெளிவாகத் தெரிந்த ஒன்று அதுதான்.

வீட்டுக்கு வந்து வெந்நீர் வைத்துக் காலில் ஊற்றிக்கொண்டிருந்தபோது மகள் போன் செய்தாள்.

"ஆடுனீங்களாப்பா?"

"ஆடுனேன் கண்ணு."

"ஏதாச்சும் வந்துச்சா?"

என்ன கேட்கிறாள் என்று புரிந்தது.

"இல்ல."

அந்தப் பக்கம் ஹாஸ்டலில் யாரோ பக்கெட் நகர்த்தும் சத்தம் கேட்டது. அவள் போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"சரி, நாளைக்கும் போங்க," என்றாள். "சாப்பிட்டீங்களா?"

"இனிமேத்தான்."

மறுநாள் பேரிங் வாங்க மதியம் கிணத்துக்கடவு போனேன். கடைக்காரர் இருக்கும் என்று சொன்ன சைஸ் இல்லை. பொள்ளாச்சி வரைக்கும் போகவேண்டியதாயிற்று. திரும்பி வந்து பேரிங்கைப் போட்டு மோட்டாரைப் பூட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு, கையை மண்ணெண்ணெயில் கழுவி, கடையைச் சாத்தினேன். தப்பட்டை அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். வேட்டியை மாற்றிக்கொண்டு போனேன்.