எந்த அண்ணன்?

எங்கள் சேலையூர் காலனி வாட்ஸ்அப் குழுவில் ஒரு புரட்சியாளர் உண்டு. மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கும் சார். மற்றவர்கள் காலையில் பூப்படம் போட்டால், இவர் ஆளுங்கட்சியைத் திட்டிப் பதிவு போடுவார். ஒரு பிரபல பாடகரின் இசை நிகழ்ச்சிக்கு டிக்கெட் விற்ற அன்று அவர் எழுதியதை நானே நாலு பேருக்கு அனுப்பினேன்: "சாமானியன் ஆன்லைன் வரிசையில் சாகிறான், வி.ஐ.பி.க்குப் பின்வாசலா? ஓசி பாஸ் வாங்குபவன் மானங்கெட்டவன்!" கைதட்டும் பொம்மைகள் குவிந்தன.

அந்தச் சாமானியன் என் தங்கைதான். மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. வேலை நேரத்தில் போனைத் தொடவே விடமாட்டார்கள். அதனால் லீவு போட்டுவிட்டு என் வீட்டு ஹாலில், சார்ஜர் மாட்டிய போனோடு, நகராத வரிசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்து அந்தப் பாடகரை ஒரு தடவையாவது நேரில் கேட்டுவிட வேண்டும் அவளுக்கு. எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் கிடைத்தபோது அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அக்கா பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

நிகழ்ச்சியன்று சாயங்காலம் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய மைதானத்துக்குப் போனோம். கேட்டை மூடியிருந்தார்கள். உள்ளே இடமில்லையாம். கேட்டில் நின்ற ஆளுங்கட்சி வெள்ளைச் சட்டைக்காரரிடம் தங்கை போனை நீட்டி டிக்கெட்டைக் காட்டினாள். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"அது கெடக்கட்டும்மா. நீ எந்த அண்ணன் ஆளு?"

அவளுக்குப் புரியவில்லை. என்னைக் கைகாட்டி, "இவர்தான் சார் எங்க அண்ணன்" என்றாள்.

சுற்றி நின்ற கட்சிக்காரர்கள் சிரித்தார்கள். அந்த நேரத்தில்தான் பக்கத்துச் சின்ன கேட்டில் நம் புரட்சியாளரைப் பார்த்தேன், குடும்பத்தோடு. "வட்டச் செயலாளர் அண்ணன் அனுப்பிச்சாரு" என்று கூழைக் கும்பிடு போட்டார். தினமும் எந்தக் கட்சியைக் கிழிக்கிறாரோ, அதே கட்சியின் வட்டச் செயலாளர். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்! கேட் திறந்தது, உள்ளே போய்விட்டார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? சண்டை போட்டிருக்க வேண்டும். "இரு, சாரைப் பிடிச்சு உள்ள போயிடலாம்" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு அவருக்குப் போன் அடித்தேன்.

"வேணாண்ணா. நான் டிக்கெட் வாங்கியிருக்கேன். அவங்க ஆளா நான் ஏன் போகணும்?"

நான் கேட்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். அவர் எடுக்கவே இல்லை. உள்ளே பாட்டு ஆரம்பித்தது. அவள் கேட் கம்பியைப் பிடித்தபடி ஒரு பாட்டு முழுக்கக் கேட்டாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வா, போலாம்" என்றாள்.

மறுநாள் காலை குழுவில் சாரின் பதிவு: "டிக்கெட் இருந்தும் கேட்டுக்கு வெளியே தவிக்கும் நம் காலனி மக்கள். வெட்கக்கேடு!" கூடவே ஒரு படம், கேட்டுக்கு உள்ளேயிருந்து எடுத்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு தங்கை. பக்கத்தில் காதில் போனோடு நான். போனை எடுக்க நேரமில்லாத மனுஷனுக்குப் படம் எடுக்க நேரம் இருந்திருக்கிறது.

"படத்தை எங்கேயிருந்து எடுத்தீங்க சார்?" என்று தட்டச்சு செய்துவிட்டு அழித்தேன். நேற்று நான் எதற்காகப் போன் அடித்தேன் என்று அவருக்குத் தெரியாதா?

கீழே பக்கத்து வீட்டு அக்கா எழுதியிருந்தார்: "பாவம், அந்தத் தம்பி போலீசுக்குப் போன் பண்ணி நியாயம் கேக்குறாரு. இவர மாதிரி நாலு பேர் இருந்தா போதும்."

அதற்கு நான் ஒரு கும்பிடு பொம்மை போட்டேன்.